ஆறவிடாத பெட்டி

அத்தியாயம் பதினான்கு

“மேல போற வண்டி நடுவால நின்னு போச்சுன்னா எங்க சாமி ஓரங்கட்டுவாங்க?”

அறிவுச்செல்விக்குப் பெங்களூர் விமானக் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அவள் அம்மா சின்னாயி கேட்ட கேள்வி அது. லாரிக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, ஓரங்கட்ட முடியாத வண்டி ஒன்று உண்டு என்பதே மனசில் நிற்கவில்லை. செல்வி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அங்க ஓரமே கெடையாதும்மா. நிக்காம பாத்துக்கறதுக்குத்தான் எங்களாட்ட ஆளுகளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

இன்றைக்கு அவளால் சிரிக்க முடியாது. வாயைத் திறந்தாலே வலது தாடை வலித்தது. முந்தாநாள் பெரியண்ணன் சென்னியப்பன் விட்ட அறை. அதோடு விட்டானா? அவளுடைய செல்போனைப் பிடுங்கி, பட்டறை வைஸின் இரும்பு இடுக்கில் வைத்து, கைப்பிடியைத் திருகித் திருகி நொறுக்கினான். சின்னண்ணன் இளஞ்செழியனுக்கு அவள் போன் போட்டுவிடக் கூடாதாம்.

எருமப்பட்டி சாலையில் லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த பட்டறை அது. அப்பா பச்சமுத்து காலமான பிறகு சென்னியப்பன் பாதி ஷெட்டை மறித்து, கண்ணாடி வைத்து, ஏசி போட்டு, விமானத்துக்கு எலெக்ட்ரானிக் பெட்டி செய்யும் யூனிட்டாக மாற்றினான். ஊரே வாயைப் பிளந்தது. தங்கைக்காரி பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து சோதனை மேசையில் உட்கார்ந்தாள். தம்பிக்காரன் பெட்டியைக் கொண்டுபோய் விமானத்தில் பொருத்துகிற வேலையை எடுத்துக்கொண்டான்.

பெட்டி என்னவோ டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிசுதான். ஆனால் விமானத்தின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான். விமானி கையை அசைத்தால் வாலுக்குப் போகும் உத்தரவு, இஞ்சினின் சூடு, கேமரா அனுப்பும் படம், எல்லாம் அதற்குள் வந்துதான் பிரிந்து போக வேண்டும். சுங்கச்சாவடி போல. யார் எவ்வளவு இடைவெளி விட்டு வரலாம் என்று பெட்டி கறாராக நிறுத்தி அனுப்பும். எத்தனை நெரிசல் இருந்தாலும் விமானியின் உத்தரவு அதற்கென்று வைத்த நேரத்துக்குள் வாலுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

போன வாரம் செல்வி கண்டுபிடித்தது இதைத்தான். பெட்டி நன்றாக ஆறிக் கிடந்துவிட்டு முதல் தடவை உயிர் பெறும்போது, கேமராவின் வழியில் இருக்கிற தடுப்பு சில சமயம் விழித்துக்கொள்வதில்லை. படங்கள் மணல் லாரி வரிசை மாதிரி உள்ளே புகுந்து அடைத்துக்கொள்கின்றன. விமானியின் உத்தரவு அவற்றுக்குப் பின்னால் நின்று தவிக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எல்லாம் சரி.

சென்னியப்பனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. “வண்டி மூணாவது அடியில ஸ்டார்ட் ஆனாலும் ஸ்டார்ட்டுதான் புள்ள” என்றான். “நடுவானத்துல யாருங்ணா ரெண்டாவது அடி அடிப்பா?” என்று கேட்டாள். அதற்குத்தான் அந்த அறை.

இன்று வாங்குகிற கம்பெனியின் பொறியாளர் தௌசீப் சேலத்திலிருந்து பெட்டியைச் சோதிக்க வருகிறார். அவர் சரி என்றால், நாளைக் காலையில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் அந்தப் பெட்டியோடு மேலே போகும். விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து போகப்போகிறவன் இளஞ்செழியன். ஓசூரிலிருந்து இப்போதுதான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

*

பட்டறை வாசலில் ஒரு மேச்சேரிக் கெடா கட்டியிருந்தது. முனியப்பன் சாமிக்கு வெட்டாமல் அந்த வாசலிலிருந்து எந்த வண்டியும் போனதில்லை. பெட்டிக்கும் அதே முறைதான் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டான்.

மஞ்சள் தண்ணீரைக் கெடாவின் முதுகில் ஊற்றித் துலுக்குக் கேட்டார்கள். அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கெடா கல் மாதிரி நின்றது.

“துலுக்க மாட்டீங்குதுங்க” என்றான் வெல்டர் காளியண்ணன். “கொஞ்சம் பொறுத்து ஊத்தலாமுங்க.”

“இன்னும் ஊத்துடா.”

ஊற்றினான். நின்றது. மறுபடி ஊற்றினான். மறுபடி நின்றது. சென்னியப்பன் சொம்பைப் பிடுங்கி, கெடாவின் காதை முறுக்கிப் பிடித்து, காதுக்குள்ளேயே தண்ணீரைக் கொட்டினான். எந்த ஜீவன்தான் உதறாது? கெடா தலையை வெடுக்கென்று உதறியது.

“ஆச்சு. குடுத்துருச்சு. புடிங்கடா காலை!”

ஒரே வெட்டில் விழவில்லை. பாதிக் கழுத்தோடு அது எழுந்து ஓடப் பார்த்தது. காளியண்ணன் அதன்மேல் விழுந்து அமுக்கினான். அடுத்த வெட்டில் தலை தனியாக உருண்டு, வாசல்படியில் முட்டி நின்றது. ரத்தம் பீறிட்டுச் சென்னியப்பனின் வெள்ளைச் சட்டையில் அடித்தது.

செல்வி முகத்தைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் கண்ணாடி அறை. உள்ளே, சோதனை மேசையில், பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பழைய லாரி விற்கிறவர்களின் வித்தை அது. வாங்குகிற பார்ட்டி வரும் முன்பே இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். பார்ட்டி வந்து சாவியைத் திருகியதும் பூவாட்டம் பிடித்துக்கொள்ளும். விடிகாலைக் குளிரில் அது எப்படி இருமும் என்பது வாங்கிக்கொண்டு போனவன் தலையெழுத்து.

“பெட்டியை ஏனுங்ணா இப்பவே ஆன் பண்ணி வெச்சிருக்கறீங்க?”

சென்னியப்பன் அரிவாளைக் கழுவிக்கொண்டே சொன்னான். “குளுருல கெடக்குதேன்னு பாவம் பாத்தேன். உனக்கு இங்க என்ன சோலி? அம்மாகூடப் போய்க் குடல் கழுவு.”

ஆட்கள் சிரித்தார்கள். அவன் சட்டை மாற்ற வீட்டுப் பக்கம் போனான். கண்ணாடி அறையின் சாவி அவன் இடுப்பில் ஆடிக்கொண்டே போனது.

செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். லாரி டயர் கழற்றும் வீல் ஸ்பேனர் சுவரில் சாய்ந்திருந்தது. தூக்கினாள். கனம் தோளை இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடிமேல் விட்டெறிந்தாள்.

கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. சத்தம் அடங்கும் முன் உள்ளே பாய்ந்து, பெட்டிக்குப் போன ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு செத்தது. தௌசீப் வருவதற்குள் ஆறட்டும். ஆறினால் தானே காட்டிக்கொடுக்கும். பெட்டியை ஏசியின் காற்று நேராகப் படுகிற ரேக்குக்குள் தூக்கி வைத்தாள்.

திரும்புவதற்குள் முடியைப் பிடித்தாகிவிட்டது.

“ஊட்டைக் கொளுத்த வந்தவளே!” சென்னியப்பன் அவளைச் சுவரோடு அடித்தான். “இந்தப் பெட்டி போகலீன்னா நம்ம குடும்பமே நடுரோட்டுல நிக்கும்டீ. தெரியுமா உனக்கு?”

“அந்தப் பெட்டி போச்சுன்னா சின்னண்ணன்…”

முடிக்கவிடவில்லை. வயிற்றில் உதைத்தான். அவள் விழாமலிருக்க ரேக்கின் விளிம்பைப் பிடித்தாள். அவன் ரேக்கின் இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். விரல்கள் உள்ளே இருந்தன.

எலும்பு முறிகிற சத்தம்தான் அவளுக்கு முதலில் கேட்டது. வலி அதற்குப் பிறகு வந்தது. அவள் போட்ட அலறலில் வாசலில் இருந்த காக்கைகள் கெடாவின் தலையை விட்டுப் பறந்தன.

சின்னாயி குடல் கழுவிய கையோடு ஓடி வந்தாள். வந்தவள் மகளைத் தாங்கவில்லை. முந்தானையைச் சுருட்டி அவள் வாயில் அடைத்தாள்.

“கத்தாத சாமி. ஆளுகெல்லாம் நிக்கறாங்க. என்ற கண்ணல்ல, கத்தாத.”

அம்மாவின் முந்தானையில் ரத்தக் கவிச்சி அடித்தது.

“என்ன நடக்குது இங்க?”

உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோளில் பையோடு இளஞ்செழியன் நின்றான்.

*

“ஒண்ணுமில்ல தம்பி” என்றான் சென்னியப்பன், மூச்சு வாங்க. “பாப்பாவுக்குப் பொறாமை. நீ ஆகாசத்துல பறக்கப் போறே, அவ மேசையில குந்தியிருக்கோணுமில்ல?”

செல்வி முந்தானையைத் துப்பினாள். முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாடை வலிக்க வலிக்கச் சொன்னாள். ஆறிக் கிடந்த பெட்டி, விழிக்காத தடுப்பு, பின்னால் நிற்கும் உத்தரவு, எல்லாம்.

செழியன் அண்ணன் சொல்லைத் தட்டாதவன். அவன் மறுத்துத் தலையை ஆட்டினான். “ரெண்டு லைன் இருக்குதில்ல பாப்பா? அதே உத்தரவு ரெண்டுலயும் போகுது. ஒண்ணு நின்னா இன்னொண்ணு போய்ச் சேர்ந்துரும்.”

“ரெண்டு லைனும் இந்த ஒரே பெட்டிக்குள்ளதான சின்னண்ணா ஓடுது? ஒரே ராத்திரி, ஒரே குளுரு. ரெண்டும் ஒண்ணாத்தான் ஆறும்.”

செழியன் பையைக் கீழே வைத்தான். “அப்பிடியாங்ணா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் சென்னியப்பனுக்குத் தம்பி என்றால் உயிர். அந்தப் பாசம்தான் அவன் நாக்கைப் பிடித்து இழுத்தது.

“உன்னைய அப்பிடி உட்டுருவனா தம்பி?” அவன் கிட்டே வந்து செழியனின் தோளைப் பிடித்தான். “நீ ஏர்றதுக்கு முந்தி நானே வந்து சூடு பண்ணிக் குடுப்பேன்டா. அதுக்குன்னே பேட்டரி வாங்கி வெச்சிருக்கறேன். நீ பயப்படாத.”

செழியன் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சதுனாலதான்டா சொல்றேன்…”

“எனக்கு அப்பறம் ஏர்றவனுக்கு யாருங்ணா சூடு பண்ணுவா?”

“அவன் என்ற கூடப் பொறந்தவனா?”

செழியனின் தலை அண்ணன் முகத்தில் மோதியது. மூக்கு உடைந்தது. வாழ்நாளில் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியிராதவன், அத்தனை வருஷத்தையும் முஷ்டியில் வைத்து அடித்தான். சென்னியப்பன் மேசையில் மல்லாந்து விழுந்து, கைக்கு அகப்பட்ட இரும்புக் குழாயை வீசினான். அது செழியனின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. இருவரும் கண்ணாடிச் சில்லுகளின்மேல் கட்டிப் புரண்டார்கள். செழியன் அண்ணனின் குரல்வளையை அமுக்கினான். சென்னியப்பனின் கண்கள் பிதுங்கின. செல்வி, “உட்ரு! சின்னண்ணா, உட்ரு!” என்று ஒற்றைக் கையால் இழுத்தாள். யாருடைய முழங்கையோ அவள் நெற்றியில் இடித்துத் தள்ளியது.

சின்னாயி வெளியே ஓடினாள். குடல் கழுவிய வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி வந்து, சண்டை நாய்களுக்கு ஊற்றுவதுபோல் இரண்டு மகன்கள் தலையிலும் கொட்டினாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

“எந்திரிங்கடா” என்றாள் சின்னாயி. “பார்ட்டி வந்துட்டாரு. மூஞ்சியைக் கழுவுங்க.”

*

தௌசீப் மெலிந்த மனிதர். சேலம் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னங்க இது, இவ்ளோ ரத்தம்?”

“கெடா வெட்டுனோமுங்க” என்றாள் சின்னாயி. கை கூப்பியபடி சிரித்தாள். “வாங்க சாமி, உள்ள வாங்க.”

“அதானா? நான் பயந்தே போய்ட்டேன்மா. கண்ணாடி?”

“அதும் கெடாதானுங்க. புடிக்கறதுக்குள்ள முட்டிப்போட்டுது.”

“சார் மூக்கு?”

“அதுவுந்தானுங்க” என்றான் சென்னியப்பன், துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு.

“நல்ல கெடாங்க” என்றார் தௌசீப். அவர் சிரித்தாரா, சந்தேகப்பட்டாரா என்று செல்வியால் சொல்ல முடியவில்லை. அவள் முறிந்த கையைத் துண்டில் சுற்றிப் பின்னால் மறைத்திருந்தாள். சின்னாயி அவள் முதுகை ஒட்டியே நின்றாள்.

பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். தௌசீப் எல்லாக் கருவிகளின் செய்திகளையும் ஒரே சமயத்தில் அதற்குள் ஏவினார். கேமரா படங்களையும் சேர்த்துக் கொட்டினார். செல்வி திரையைப் பார்த்தாள். ஆறியிரு, ஆறியிரு என்று மனசுக்குள் பெட்டியிடம் கெஞ்சினாள்.

மூடிய ரேக்குக்குள் காற்றுப் படாமல் கிடந்த அது ஆறவில்லை. வயிற்றுக்குள் சூட்டை வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டது. விமானியின் உத்தரவு ஒவ்வொரு தடவையும் அதற்கான நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி உடைந்த அறையில் சென்னியப்பன் பெருமூச்சு விட்டான்.

“அருமை” என்றார் தௌசீப். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். இப்போதுதான் போட்ட பெட்டிக்கு இவ்வளவு சூடா என்பதுபோல் மறுபடி வைத்தார்.

“இந்த மேசையில தினம் யாரு உக்கார்றது?”

சென்னியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

“நானுங்க” என்றாள் செல்வி.

“அப்ப நீங்க சொல்லுங்கம்மா. அனுப்பலாமா?”

சின்னாயியின் நகம் செல்வியின் இடுப்புச் சதையில் பதிந்தது. பதிந்து திருகியது. செழியன் காதில் துணியை அழுத்தியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு ராத்திரி பூரா ஆறப் போட்டுட்டு, காத்தால முதத் தடவை ஆன் பண்ணிப் பாருங்க சார்” என்றாள் செல்வி. “அதுக்கு முன்னாடி யாரையும் ஏத்தாதீங்க.”

விருந்தாளி நிற்கிறார் என்ற நினைப்புகூட இல்லை சென்னியப்பனுக்கு. அவள் பின்னந்தலையைப் பிடித்து மேசையில் மோதினான். அவள் உதடு கிழிந்தது. துண்டு அவிழ்ந்து, கருநீலமாக வீங்கிய விரல்கள் வெளியே வந்தன.

“கையை எடுங்க!” தௌசீப் கத்தினார். “கையை எடுங்க அவங்க மேல இருந்து!”

செழியன் நடுவே வந்து நின்றான். சென்னியப்பன் கையை எடுத்தான்.

தௌசீப் பெட்டியிலிருந்து தன் சோதனை ஒயர்களைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “பெட்டி இன்னிக்கு விமானத் தளத்துக்கு வரட்டும். நாளைக்கு விடியறப்போ, தரையில வெச்சு, நான் பாக்க முதல் தடவையா ஆன் பண்ணுவோம். சரியா முழிச்சா பறக்கும். இல்லேன்னா இந்த யூனிட்டோட எங்களுக்கு வேலை முடிஞ்சது. பொருத்தி ஒப்படைக்கிற வரைக்கும் பெட்டி உங்க பொறுப்பு, அதுதான் பேச்சு. நான் முன்னால போறேன். இளஞ்செழியன், நீங்க ஜீப்புல கொண்டு வாங்க.” செல்வியின் பக்கம் திரும்பினார். “ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. முதல்ல அதைப் பண்ணுங்க.”

அவர் கெடாவின் ரத்தத்தைத் தாண்டிக் காலை எட்டி வைத்து நடந்தார். கார் கிளம்பிப் போனது.

சென்னியப்பன்தான் முதலில் அசைந்தான். மேலே அட்டாலிப் பரணில் கையை விட்டு, புதுசாக ஒரு பேட்டரியை இறக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். மூக்கிலிருந்து ரத்தமும் சளியும் வழிந்தன. அவன் அழுகிறான் என்பது செல்விக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

“வழியெல்லாம் இதைப் போட்டு வெச்சிரு தம்பி. ராத்திரியும் கழட்டாத. விடியறப்ப, அவுங்க வர்றதுக்கு முன்னால எடுத்துப்போடு. சூடா இருந்தா முழிச்சுக்கும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.” அவன் தம்பியின் காலைத் தொடுவதுபோல் குனிந்தான். “நம்ம ஊடுடா. உட்டுப்போட்டா அம்மா எங்க போவா?”

“எடுத்துக்க சாமி” என்றாள் சின்னாயி. “அண்ணன் சொல்றானல்லோ.”

“நாளைக்கு நீ தப்பிச்சுக்குவே சின்னண்ணா” என்றாள் செல்வி. கிழிந்த உதட்டில் சொற்கள் குழறின. “உனக்குப் பின்னால ஏர்றவன் சாவான். அதைத் தொடாத.”

இளஞ்செழியன் மூன்று பேரையும் பார்த்தான். அம்மாவை, அண்ணனை, கடைசியாகத் தங்கையின் விரல்களை. பிறகு பெட்டியைத் தூக்கி இடது கையில் அணைத்துக்கொண்டான்.

வாசல் வரை போனான். நின்றான். திரும்பி வந்தான்.

வலது கையை நீட்டிப் பேட்டரியை எடுத்துக்கொண்டான்.

“சின்னண்ணா!” செல்வி பாய்ந்து, முறியாத கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். “எதுக்கு அதை எடுக்கற? அண்ணன் கைக்குச் சிக்காம இருக்கறதுக்கா, இல்ல பெட்டிக்குப் போடறதுக்கா? சொல்லிட்டுப் போ!”

அவள் விரல்களை அவன் மெதுவாகச் சட்டையிலிருந்து பிரித்தான். இரண்டையும் ஜீப்பின் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். காதில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.